கேரளாவில் வாங்கிய மனை ‘நிலம்’ என்று பதிவாகியிருந்தால்: டேட்டா பேங்கிலிருந்து நீக்கவும் தரம் மாற்றவும் வழிகாட்டி

கோவை, பொள்ளாச்சி, தேனிப் பக்கத்திலிருந்து பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். பத்திரம் பதிவாகிவிடும், கரமும் (நிலவரி) கட்டிவிடுவார்கள். வீட்டு வரைபடத்தோடு பஞ்சாயத்துக்குப் போனால் “இது டேட்டா பேங்கில் கிடக்கிறது, அனுமதி கிடையாது” என்று திருப்பி அனுப்புவார்கள். டேட்டா பேங்க் என்பது நெல்வயல்கள், சதுப்பு நிலங்களின் அரசுப் பட்டியல். கேரள நெல்வயல் மற்றும் சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம், 2008 அங்கிருந்துதான் உங்கள் வாழ்க்கைக்குள் வருகிறது. அதிலிருந்து முறைப்படி வெளியே வருவதற்கான வழி, அதில் எங்கெங்கே வழக்காகிறது, எவ்வளவு செலவு, எவ்வளவு காலம் என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 12.08.2008. அன்றைக்கு உங்கள் இடம் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் முழு வழக்கும். இன்று அங்கே வீடு நிற்கிறதா, புல் முளைத்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

1. சொற்களில் ஏமாறாதீர்கள்

தமிழும் மலையாளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று நம்பிப் பத்திரம் படிப்பதுதான் முதல் பொறி.

நமக்கு ‘நிலம்’ என்றால் எந்த நிலமும்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்று எழுதியிருந்தால் அது நெல்வயல், நம் கணக்கில் நஞ்சை. வீடு கட்டத் தோதான மேட்டு நிலத்துக்கு அங்கே ‘புரயிடம்’ என்று பெயர். பாலக்காட்டில் ‘புஞ்ச’ என்று காதில் விழுந்தால் நம் புஞ்சைக் காடு என்று நினைத்துவிடக் கூடாது. விரிப்பு, முண்டகன், புஞ்ச என்ற மூன்று நெல் பருவங்களில் கோடையில் வருவது அது. ‘இங்கே புஞ்சயும் உண்டு’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்த வயலில் மூன்றாம் போகமும் விளைந்தது என்று பொருள். ‘ஆதாரம்’ என்று கேட்டால் ஆதார் அட்டையை நீட்டாதீர்கள், கேட்பது கிரயப் பத்திரத்தை. அதற்கு முந்தைய பத்திரம் முன்னாதாரம். ‘ஆர்டிஓ’ என்பதும் வண்டி ஓட்டுநர் உரிமம் தருகிறவர் அல்ல. நம் கோட்டாட்சியர்தான் அவர்.

அளவுகள் எல்லாம் ‘ஆர்’ கணக்கில் வரும். ஒரு ஆர் 2.47 சென்ட். இந்த விவகாரத்தில் திரும்பத் திரும்ப வரும் நான்கு எண்களை மனப்பாடமே செய்துவிடலாம்: 2.02 ஆர் என்றால் 5 சென்ட், 4.04 ஆர் 10 சென்ட், 10.12 ஆர் 25 சென்ட், 20.23 ஆர் 50 சென்ட்.

2. உங்கள் இடம் எந்த வகை என்று உறுதி செய்யுங்கள்

இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வில்லேஜ் ஆபீஸில் இருக்கும் அடிப்படை வரிப் பதிவேடு. எல்லாரும் பி.டி.ஆர். என்றே சொல்வார்கள். இதில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே ‘நிலம்’ என்றிருக்கிறதா, ‘புரயிடம்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் ‘புரயிடம்’ என்று எழுதியிருப்பதை நம்பி உட்காராதீர்கள். பத்திரம் வாங்குகிறவரும் விற்கிறவரும் எழுதிக்கொண்டது. அதிகாரி பார்ப்பது பி.டி.ஆரைத்தான்.

இரண்டு, டேட்டா பேங்க். ஒவ்வொரு பஞ்சாயத்து, நகராட்சி எல்லையிலும் உள்ள நெல்வயல்களையும் சதுப்பு நிலங்களையும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு பட்டியலிட்டு அரசிதழில் வெளியிட்டது. குழுவுக்குத் தலைவர் பஞ்சாயத்துத் தலைவர், கூட்டுநர் வேளாண் அலுவலர். வில்லேஜ் ஆபீசரும் விவசாயப் பிரதிநிதிகள் மூவரும் உறுப்பினர்கள். இதன் நகலைக் கிருஷி பவனில் (உள்ளூர் வேளாண் அலுவலகம்) பார்க்கலாம். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பரப்பு என்ன போட்டிருக்கிறார்கள், குறிப்புப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும் படியுங்கள். ‘மூடப்பட்டது’, ‘தென்னை’, ‘வீடு உள்ளது’ என்று 2008-ஐ ஒட்டிய குறிப்பு ஒன்று அங்கே இருந்தால் அதைவிட வலுவான சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. அது அரசே எழுதி வைத்தது.

இந்த இரண்டையும் பார்த்தபின் உங்கள் வழி தெளிவாகிவிடும்.

பி.டி.ஆரில் நிலம், டேட்டா பேங்கிலும் இருக்கிறது: முதலில் படிவம் 5 மூலம் டேட்டா பேங்கிலிருந்து நீக்கம், அதற்குப் பிறகு படிவம் 6 அல்லது 7 மூலம் தரம் மாற்றம், அதாவது பி.டி.ஆரில் உள்ள ‘நிலம்’ என்ற வகையை மாற்றுவது. இரண்டு கட்டம்.

பி.டி.ஆரில் நிலம், டேட்டா பேங்கில் இல்லை: இதைச் சட்டம் ‘அறிவிக்கப்படாத நிலம்’ என்கிறது. நேராகப் படிவம் 6 அல்லது 7.

பி.டி.ஆரில் புரயிடம், டேட்டா பேங்கில் தவறுதலாக ஏறியிருக்கிறது: படிவம் 5 மட்டும்.

04.07.1967-க்கு முன்பே மூடப்பட்ட இடம் என்று காட்ட முடியுமானால் படிவம் 9 தனியாக இருக்கிறது. அன்றுதான் கேரள நிலப் பயன்பாட்டு ஆணை வந்தது. அத்தனை பழைய சான்று கையில் இருப்பவர்கள் குறைவு, ஆனால் பழைய பத்திரங்களை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் மாறிக் கிடப்பது சர்வ சாதாரணம். டேட்டா பேங்க் பழைய எண்ணில், கரம் ரசீது புதிய எண்ணில் இருந்தால், இரண்டையும் பொருத்திக் காட்டும் ஆவணத்தை வில்லேஜ் ஆபீஸிலோ தாலுகா சர்வே பிரிவிலோ வாங்காமல் மனுப் போடாதீர்கள். ‘விண்ணப்பித்த எண் டேட்டா பேங்கில் இல்லை’ என்று ஒற்றை வரியில் கோப்பை மூடிவிடுவார்கள், மாதங்கள் போனது போனதுதான்.

3. மனுவுக்கு முன்னால் 2008-க்கான சான்றுகளைச் சேருங்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் மனுப் போட்டுவிட்டு, தள்ளுபடி ஆன பிறகு சான்று தேடுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கோட்டாட்சியரிடம் முதல் தடவையே வைக்காத ஆவணத்தை உயர்நீதிமன்றத்தில் புதிதாக நீட்டினால் அதற்கு மதிப்புக் குறைவு.

காகிதச் சான்றுகள்: 2008-க்கு முந்தைய வீட்டு வரி ரசீது, பஞ்சாயத்துக் கட்டட எண், மின் இணைப்பு கொடுத்த தேதி உள்ள ஆவணம், அந்த முகவரியில் இருந்த பழைய ரேஷன் அட்டை, முன்னாதாரத்தில் மரங்களையும் கட்டடத்தையும் குறித்த வரிகள், வங்கியில் அடமானம் வைத்திருந்தால் அப்போதைய மதிப்பீட்டாளர் அறிக்கை. இந்த மதிப்பீட்டு அறிக்கையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதில் ‘தென்னை இத்தனை, கிணறு ஒன்று’ என்று தேதியோடு எழுதியிருப்பார்கள்.

மண்ணில் இருக்கும் சான்றுகள்: பழைய கல் அஸ்திவாரம், உறைக் கிணறு, சுற்றியுள்ள வயலைவிட உங்கள் இடம் எத்தனை அடி உயரம், வாய்க்கால் தண்ணீர் உள்ளே ஏறுமா, நான்கு பக்கமும் என்ன இருக்கிறது. எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். உயரத்தைக் காட்ட ஒரு சர்வேயரை வைத்து மட்டம் எடுத்து வரைபடமாகக் கொடுத்தால் வாய்ப்பேச்சைவிட எடை அதிகம்.

தென்னை இருந்தால் அதன் வயதைத் தண்டே சொல்லும். நன்றாக வளரும் மரம் ஏறக்குறைய மாதம் ஒரு மட்டை விடும், உதிர்ந்த மட்டையின் தழும்பு தண்டில் வளையமாக நின்றுவிடும். ஆக வருடத்துக்குச் சுமார் 12 வளையம். தரையிலிருந்து எண்ணி 180 வளையம் வந்தால் 15 வருடம். கொண்டையில் நிற்கும் முப்பது மட்டைக்கு இரண்டரை வருடம், தண்டு தெரிவதற்கு முந்தைய கன்றுப் பருவம் நான்கு வருடம் என்று சேர்த்தால் மரத்துக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இது தோராயக் கணக்குதான், தண்ணீர் குறைந்த மரத்தில் வளையம் நெருங்கிக் குறைவாக இருக்கும். ஆனாலும் பத்து மரத்தை எண்ணிப் படத்தோடு மனுவில் எழுதினால், ‘அண்மையில் நட்டவை’ என்று அறிக்கையில் ஒரே வரியில் தள்ளிவிட முடியாது.

கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். அச்செடுத்து இணையுங்கள், ஆனால் அதைத் துணைச் சான்றாக மட்டும் நம்புங்கள். ஏப்ரலில் எடுத்த படத்தில் அறுவடை முடிந்த வயலும் தரிசும் ஒரே காவி நிறம்தான்.

2008-க்குப் பிறகு மண் கொட்டி மேடாக்கியிருந்தாலும், அண்மையில் கன்று நட்டு வேலி போட்டிருந்தாலும் அதனால் உங்களுக்கு எந்தப் பலனும் இல்லை. மனு நிலுவையில் இருக்கும்போது ஒரு லோடு மண் இறக்கினால் வில்லேஜ் ஆபீசர் நிறுத்த உத்தரவு கொடுப்பார், லாரியும் ஜேசிபியும் பறிமுதல் ஆகும், பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி 13-ஆம் பிரிவில் ஆட்சியர் உத்தரவிடலாம். உங்கள் உண்மையான வழக்கும் அதோடு கெட்டுப்போகும்.

4. படிவம் 5: மனு

2022 முதல் வருவாய்த் துறை இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நீங்களே போடலாம், அக்ஷயா மையத்திலும் (நம் இ-சேவை மையம் போன்றது) போடலாம். விண்ணப்பக் கட்டணம் சிறிய தொகை. இணைக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், நடப்பு ஆண்டுக் கரம் ரசீது, டேட்டா பேங்கில் உங்கள் எண் வரும் பக்கம், எல்லை காட்டும் வரைபடம், அடையாள அட்டை, நீங்கள் சேர்த்த 2008 சான்றுகள்.

கூட்டுப் பட்டாபோல் பல பேர் பெயரில் இருந்தால் எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிக்காகக் கோப்பு மாதக்கணக்கில் நிற்கும். பொது அதிகாரப் பத்திரத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மனுவின் காரணப் பத்தியில் ‘இது வயல் அல்ல’ என்று ஒரு வரி எழுதி விட்டுவிடாதீர்கள். மூன்று விஷயங்களைத் தனித்தனியாக எழுதுங்கள்: 12.08.2008-இல் நிலத்தின் இயல்பு என்ன, அதன் கிடப்பு (மேடா பள்ளமா, சுற்றிலும் என்ன) என்ன, அன்று நெல் சாகுபடிக்கு உகந்ததாக இருந்ததா. கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்புக்குத் தீர்ப்பு திரும்பக் கேட்பது இந்த மூன்றைத்தான். நெல் போடாமல் தரிசாகக் கிடந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. சாகுபடி செய்யாமல் விட்ட, ஆனால் சாகுபடிக்கு உகந்த நிலத்தையும் சட்டம் நெல்வயல் என்றே வரையறுக்கிறது. அதே நேரம், தரிசாகக் கிடப்பதையும் மழையில் தண்ணீர் தேங்குவதையும் மட்டுமே காரணம் காட்டி ஓர் இடத்தை டேட்டா பேங்கில் வைத்திருக்கவும் முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உகந்ததா இல்லையா என்பதில்தான் வழக்கு நிற்கும்.

மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று பணம் கேட்கும் தரகரிடம் எதையும் கொடுக்காதீர்கள். ஆணை என்று யாராவது ஒரு தாளை நீட்டினால் அந்தக் கோப்பு எண்ணை இணையதளத்திலும் அலுவலகத்திலும் சரிபாருங்கள்.

5. வேளாண் அலுவலர் பார்வையிடும் நாள்

நெல்வயல் என்றால் வேளாண் அலுவலரிடமும், சதுப்பு நிலம் என்றால் வில்லேஜ் ஆபீசரிடமும் கோட்டாட்சியர் அறிக்கை கேட்பார். பல கோப்புகளின் விதி இந்த ஒரு பக்க அறிக்கையில் முடிந்துவிடுகிறது.

கிருஷி பவனில் நேரில் போய், பார்வையிடும் நாளை முன்கூட்டிச் சொல்லும்படி எழுத்துமூலம் கேளுங்கள். அன்று நீங்கள் இடத்தில் இருக்க வேண்டும். எல்லைக் கல்லைக் காட்டுங்கள், ஏனென்றால் பக்கத்து வயலைப் பார்த்துவிட்டு உங்கள் எண்ணில் அறிக்கை எழுதிய சம்பவங்கள் உண்டு. கிணறு, அஸ்திவாரம், மரம் எல்லாவற்றையும் காட்டி, அவற்றைக் குறித்த ஒரு பக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிக்கை போனபிறகு அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘தற்போது தரிசு, நீக்கப் பரிந்துரைக்க இயலாது’ என்று மட்டும் இருந்தால் 2008 பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை என்று சுட்டிக்காட்டி உடனே கோட்டாட்சியருக்கு எழுதுங்கள். அந்தக் கடிதம் பின்னால் நீதிமன்றத்தில் உதவும்.

6. செயற்கைக்கோள் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்

விதி 4-இன் 4எஃப் உட்பிரிவின்படி கோட்டாட்சியர் நேரில் பார்வையிடலாம், அல்லது செயற்கைக்கோள் படங்களை வரவழைக்கலாம். படம் தருவது திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநிலத் தொலையுணர்வு மற்றும் சுற்றுச்சூழல் மையம். கட்டணம் உங்களுடையது. இதைத் தயங்காமல் எழுத்துமூலம் கேளுங்கள், ஆனால் உங்கள் இடம் உண்மையில் 2008-இல் வயலாக இருக்கவில்லை என்று நிச்சயம் தெரிந்தால் மட்டும்.

மையத்தின் அறிக்கை ஆண்டு வாரியாக இருக்கும். பழைய வரைபடத்தில் என்ன, 2008-ஐ ஒட்டிய படத்தில் என்ன, அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் என்ன என்று வரிசையாக எழுதி, ‘மரங்கள் கலந்த தரிசு’, ‘தோட்டப் பயிர்’, ‘கட்டடம்’ என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுப்பார்கள். நீங்கள் கொடுக்கும் எல்லை வரைபடம் துல்லியமாக இல்லாவிட்டால் அவர்கள் வேறொரு துண்டைப் பார்த்துவிடுவார்கள். உட்பிரிவில் இரண்டு ஏக்கர் இருந்து உங்களுடையது 30 சென்ட் என்றால், அந்த 30 சென்ட் எங்கே என்று அளந்து குறித்த வரைபடம் இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

7. தள்ளுபடி ஆனால்: உயர்நீதிமன்றம்

படிவம் 5 ஆணைக்கு எதிராக ஆட்சியரிடம் மேல்முறையீடு என்று போய்க் காலத்தை வீணாக்குகிறவர்கள் நிறைய. 27பி பிரிவின்படி ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்வது 27ஏ ஆணைகளுக்கு, அதாவது தரம் மாற்ற ஆணைகளுக்கு. டேட்டா பேங்க் நீக்கத்தை மறுத்தால், எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர்நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆம் பிரிவில் ரிட் மனுதான் நடைமுறையில் உள்ள வழி.

தள்ளுபடி ஆணையை எடுத்து நான்கு கேள்வி கேளுங்கள். கோட்டாட்சியர் நேரில் பார்த்தாரா? செயற்கைக்கோள் படம் வரவழைத்தாரா? 12.08.2008 நிலையைப் பற்றிச் சுயமாக ஒரு முடிவு எழுதியிருக்கிறாரா? நீக்கினால் பக்கத்து வயல்களுக்கு என்ன பாதிப்பு என்று சொல்லியிருக்கிறாரா? ‘வேளாண் அலுவலர் அறிக்கையின்படி நிராகரிக்கப்படுகிறது’ என்பதுதான் முழு ஆணை என்றால், ரிட்டில் அது நிற்பது கடினம். இப்படிப்பட்ட ஆணைகளை நீதிமன்றம் ரத்துசெய்து, நேரில் பார்வையிட்டோ படம் வரவழைத்தோ மீண்டும் பரிசீலிக்கும்படி திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. காலக்கெடுவும் வைக்கும். படம் வரவழைத்தால் அது கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம், நேரில் பார்வையிட்டால் இரண்டு மாதம் என்பது பல தீர்ப்புகளில் காணும் அளவு.

இங்கே ஒரு தவறான எதிர்பார்ப்பு வேண்டாம். நீதிமன்றம் உங்கள் இடத்தை நீக்கித் தராது, கோட்டாட்சியரைத்தான் மறுபடி பார்க்கச் சொல்லும். ஆகவே ரிட்டில் ஜெயித்த அன்றே செயற்கைக்கோள் கட்டணம், வரைபடம், சான்று எல்லாம் தயாராக இருக்க வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு உடனே போய்க் கொடுங்கள், கெடு பெரும்பாலும் நகல் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். கெடு தாண்டியும் முடிவு இல்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனுப் போடலாம், அதை ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்.

ரிட்டுக்கு நீதிமன்றக் கட்டணம் பெரிதல்ல, செலவு வழக்கறிஞருக்குத்தான். தொகையை மொத்தமாகப் பேசி எழுதி வாங்குங்கள். பாலக்காட்டுச் சித்தூர், இடுக்கித் தேவிகுளம் பக்கத்துப் பழைய பத்திரங்கள் தமிழில் இருந்தால் மலையாளமோ ஆங்கிலமோ ஆன சரியான மொழிபெயர்ப்பை முதலிலேயே தயார் செய்யுங்கள். ரிட்டுக்கு இத்தனை நாள் என்று சட்டத்தில் கெடு கிடையாது. அதற்காக இரண்டு வருடம் கழித்துப் போனால் ‘இத்தனை நாள் என்ன செய்தீர்கள்’ என்ற கேள்வி வரும்.

8. படிவம் 6, 7: பணம் இங்கேதான் போகிறது

டேட்டா பேங்கிலிருந்து நீங்கியதும் வேலை முடிந்ததாகக் கொண்டாடிவிடாதீர்கள். பி.டி.ஆரில் இன்னும் ‘நிலம்’தான். 50 சென்ட் வரை படிவம் 6, அதற்கு மேல் படிவம் 7. 50 சென்ட்டைத் தாண்டினால் பத்து சதவீத நிலத்தை நீர் சேமிப்புக்கு ஒதுக்க வேண்டும். அதை வரைபடத்திலேயே குறித்துக் கொடுங்கள்.

கட்டணம் அரசின் நியாய மதிப்பை (நம் வழிகாட்டி மதிப்பு போன்றது) வைத்து. 25 சென்ட் வரை இலவசம், அதற்கு மேல் ஒரு ஏக்கர் வரை நியாய மதிப்பில் 10 சதவீதம், ஒரு ஏக்கருக்கு மேல் 20 சதவீதம். 30 சென்ட் இருந்தால் இலவசமான 25 போக மீதி 5 சென்ட்டுக்குக் கட்டினால் போதும் என்று கேரள உயர்நீதிமன்றம் ஒரு காலத்தில் சொன்னது. 2025-இல் உச்சநீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. 25 சென்ட்டைத் தாண்டினால் முழுப் பரப்புக்கும் கட்ட வேண்டும். பழைய தீர்ப்பைச் சொல்லி இன்னும் கணக்குப் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள்.

ஒரு கணக்கு: நியாய மதிப்பு ஆருக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 25 சென்ட்டுக்குக் கட்டணம் இல்லை. 30 சென்ட் என்றால் 12.14 ஆர், மதிப்பு 12.14 லட்சம், கட்டணம் ரூ.1,21,400. ஐந்து சென்ட்டுக்கு இத்தனை வித்தியாசம்.

‘அப்படியானால் பிரித்துப் பத்திரம் போட்டுவிடலாமே’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். பலிக்காது. 30.12.2017 அன்று இருந்த பரப்பைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு ஏக்கரை நான்காகப் பிரித்து விற்றிருந்தால், 20 சென்ட் வாங்கிய உங்களுக்கு இலவசம் இல்லை. விற்பவர் இதைச் சொல்லவே மாட்டார். முன்னாதாரத்தில் 2017 டிசம்பரில் அது எத்தனை சென்ட்டாக இருந்தது என்று நீங்களே பாருங்கள்.

சிறு சலுகை ஒன்று: அறிவிக்கப்படாத நிலத்தில் 10 சென்ட் வரை உள்ள மனையில் 120 சதுர மீட்டருக்குள் வீடோ, 5 சென்ட் வரை உள்ள மனையில் 40 சதுர மீட்டருக்குள் கடையோ கட்ட இந்தத் தரம் மாற்ற அனுமதி தேவையில்லை. சிறிய வீடு போதும் என்றால் பஞ்சாயத்தில் இதைச் சொல்லிக் கேளுங்கள். பி.டி.ஆர். அப்படியே இருக்கும், வங்கிக் கடனுக்குப் போகும்போது அது இடிக்கலாம்.

2024 ஜூலை முதல் கோட்டாட்சியர்களோடு துணை ஆட்சியர்களும் 71 மையங்களில் இந்த மனுக்களைப் பார்க்கிறார்கள். உங்கள் கோப்பு எந்த மேசைக்குப் போனது என்று விசாரியுங்கள், பழைய அலுவலகத்திலேயே நடையாய் நடக்காதீர்கள்.

9. ஆணை கையில் வந்த பிறகு

27சி பிரிவின்படி தாசில்தார் பதிவேடுகளைத் திருத்தி வரியை மறுநிர்ணயம் செய்ய வேண்டும். ஒரு பகுதிக்கு மட்டும் ஆணை என்றால் சர்வேயர் அளந்து உட்பிரிவு போட்ட பிறகுதான் இது நடக்கும். ஆணையின் நகலோடு தாலுகாவுக்கு நீங்களே போங்கள். புதிய கரம் ரசீதில் வகை மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பஞ்சாயத்தில் வரைபடம் கொடுங்கள். ஆணையில் ‘பக்கத்து வயலுக்குப் போகும் நீரோட்டத்தைத் தடுக்கக் கூடாது’ என்பது போன்ற நிபந்தனை இருந்தால், அந்த வாய்க்காலை வீட்டு வரைபடத்திலேயே காட்டுங்கள். மதில் அதன்மேல் வந்தால் ஆணைக்கே சிக்கல் வரலாம்.

10. அது உண்மையிலேயே நெல்வயல் என்றால்

படிவம் 5 போடாதீர்கள். செயற்கைக்கோள் படம் உங்களுக்கு எதிராகவே பேசும், பணமும் வருடங்களும் போகும். அந்த வயலில் தேங்கி மண்ணில் ஊறும் தண்ணீர்தான் பக்கத்து வீடுகளின் கிணற்றுக்கு இறங்குகிறது. அது அப்படியே இருக்கட்டும்.

சொந்த வீட்டுக்கு வேறு இடமே இல்லாதவர்களுக்காக 9-ஆம் பிரிவு இருக்கிறது. பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சி, மாநகராட்சியில் 5 சென்ட் வரை, மாவட்ட அளவிலான குழு அனுமதிக்கலாம். மாவட்டத்தில் வீடு கட்ட ஏற்ற வேறு நிலம் உங்களுக்கோ குடும்பத்துக்கோ இருக்கக் கூடாது, சுற்றிலும் வயல் சூழ்ந்த நடு நிலமாக இருக்கக் கூடாது, பக்கத்துச் சாகுபடி பாதிக்கக் கூடாது. ஆனால் சட்டம் வந்த பிறகு வயலை வாங்கியவருக்கு இந்தச் சலுகை இல்லை என்று உயர்நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. புதிதாக வாங்குகிறவர்கள் இதை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம்.

11. பக்கத்து வயலை யாரோ மூடுகிறார்கள் என்றால்

நீங்கள் அங்கே விவசாயம் செய்கிறவராக இருந்தால் இதுதான் உங்களுக்கு முக்கியம். முதல் லாரி வந்த அன்றே வில்லேஜ் ஆபீசருக்கும், வேளாண் அலுவலருக்கும், கோட்டாட்சியருக்கும் ஒரே புகாரைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சர்வே எண், தேதி, வண்டி எண், படம் நான்கும் இருக்க வேண்டும். மூடுவது பெரும்பாலும் அலுவலகம் இல்லாத சனி இரவும் ஞாயிறும் விடுமுறை நாளும் பார்த்துத்தான் நடக்கும், அன்று காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுங்கள். நிறுத்த உத்தரவோடு விட்டுவிடாமல், மண்ணை அள்ளிப் பழைய நிலைக்குக் கொண்டுவர 13-ஆம் பிரிவில் உத்தரவு வேண்டும் என்று ஆட்சியருக்குத் தனி மனுக் கொடுங்கள். பக்கத்து இடத்துக்கு யாராவது படிவம் 5 போட்டிருப்பது தெரிந்தால், உங்கள் வயலுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று வரைந்து காட்டி ஆட்சேபம் கொடுங்கள். முடிவு வந்த பிறகு ஆட்சேபித்தால் நீங்களும் ரிட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

12. இன்னும் வாங்கவில்லை என்றால்

முன்பணம் கொடுக்கும் முன் பி.டி.ஆர். நகல், டேட்டா பேங்க் பக்கம், நடப்புக் கரம் ரசீது, முன்னாதாரம், வில்லங்கச் சான்று ஐந்தும் கையில் இருக்க வேண்டும். ‘படிவம் 5 போட்டாச்சு, வந்துடும்’ என்று சொன்னால் மனு எண்ணை வாங்கி நிலையைப் பாருங்கள். இடையில் கிரயம் முடித்தால் மனுதாரர் ஒருவர், உரிமையாளர் வேறொருவர் என்று கோப்பு சிக்கிக்கொள்ளும்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளை எழுதச் சொல்லுங்கள்: ஒன்று, டேட்டா பேங்க் நீக்கமும் தரம் மாற்றமும் விற்பவர் பொறுப்பு, கட்டணமும் அவருடையது; இரண்டு, இத்தனாம் தேதிக்குள் ஆணை வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும்; மூன்று, 30.12.2017 அன்று இந்த இடத்தின் மொத்தப் பரப்பு இவ்வளவு. மூன்றாவது வரியை எழுதத் தயங்கினால் முன்னாதாரத்தை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள்.